இல்லாத மாடிக்கு வீட்டு வரி

என் வீட்டுக்கு ஒரு மாடி இருக்கிறது என்பதை வரி ஆபீஸ் அனுப்பிய நோட்டீஸைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதற்குள் நானும் என் மனைவி ராதாமணியும் அந்த வீட்டில் குடிவந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் படியேறிப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வருவோம். அங்கே மொட்டைத் தரையும் நாலைந்து காக்கையும்தான் இருந்தன. நான் கொஞ்சம் கவனக்குறைவான ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கூடமும் இரண்டு அறையும் கொண்ட மேல்தளம் தலைக்கு மேல் இருப்பதைக் கவனிக்காமல் விடுகிற அளவுக்குப் போகவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷத்தில் நடந்த கதை இது. ஆரப்பாளையத்தைத் தாண்டி விளாங்குடிக்குப் போகிற வழியில், சைக்கிள் போனால் புழுதி பறக்கிற ஒரு தெருவில் நான் வீடு கட்டினேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் போடுகிற வேலை எனக்கு. முதலாளி கொடுத்த கடன் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம். வீடு என்று பெரிதாகச் சொல்கிறேன். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, சமையல்கட்டு, அவ்வளவுதான். மொட்டைமாடிக்கு ஒரு படி. அந்தப் படிதான் எல்லா வினைக்கும் காரணம்.

ராதாமணி இருபது வருஷம் முனிச்சாலைப் பக்கம் ஒரு வளவில் குடித்தனம் செய்தவள். எட்டுக் குடும்பம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ். யார் வீட்டில் என்ன குழம்பு என்று சுவர் தாண்டி விசாரிப்பார்கள். யார் வீட்டில் என்ன சண்டை என்று விசாரிக்கவே வேண்டாம். எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். மற்ற மொழிக்காரர்கள் நடுவில் அதில் சண்டை போட்டால் ஒருத்தருக்கும் விளங்காது. வளவில் இருந்த எட்டுக் குடும்பமும் எங்கள் ஆட்கள்தான், அதனால் அந்த வசதியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. புது வீட்டில் அவள் கேட்டது ஒன்றுதான். முன் அறை சும்மா கிடக்க வேண்டும். பெட்டி, பாய், பீரோ எதுவும் அங்கே வரக்கூடாது. மத்தியானம் வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வெறும் தரையில் காலை நீட்டி உட்காருவாள். அவள் முகத்தை அப்படி நான் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை.

இனி பேயாண்டிக்கு வருவோம். எதிர்வீட்டுக்காரன், பந்தல் கான்ட்ராக்டர். மதுரைக்கு மேற்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நிலத்தில் குச்சி ஊன்றுவதைவிட விசேஷ வீட்டில் மூங்கில் ஊன்றினால் காசு அதிகம் என்று கண்டுகொண்டவன். வந்த முதல் நாளே என்னை அண்ணே என்றான், ராதாமணியை மதினி என்றான். குடம் தண்ணீர் தூக்கிக் கொடுத்தான். இப்படிப்பட்ட அன்பு எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு அவன் போஸ்டர் அடித்தான். என்னிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனாம். பச்சைத் தாளில் சிவப்பு எழுத்து. ஆரப்பாளையத்திலிருந்து விளாங்குடி வரை ஒரு சுவர் பாக்கியில்லை.

"மதுரை மாநகரே திரும்பிப் பார்! அண்ணன் துளசிராம் எழுப்பியுள்ள இரண்டடுக்கு எழில் மாளிகை! வானத்து நிலவும் வந்து தங்க ஆசைப்படும் மேல்மாடி! புதுமனை புகுவிழாவுக்கு அனைவரும் வருக! அன்புத் தம்பி பேயாண்டி, பந்தல் கான்ட்ராக்டர்."

"எங்கடா மேல்மாடி?" என்று கேட்டேன்.

"படி வச்சிருக்கீகள்லண்ணே? ரெண்டு வருசத்துல மாடி எடுத்துருவீக. அப்ப மறுபடி ஒருக்கா போஸ்டர் அடிக்கணும். எதுக்கு ரெட்டைச் செலவு? இப்பவே சேத்து அடிச்சுட்டேன்."

மதுரையில் இருக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. இங்கே குழந்தைக்குக் காது குத்தினால் போஸ்டர், பெண் சமைந்தால் போஸ்டர், ஆள் செத்தால் போஸ்டர். ஓட்டு வீட்டுக்காரன் வள்ளல் ஆவான், வட்டிக்கு விடுகிறவன் தியாகி ஆவான். அதை யாரும் நம்புவதில்லை. ஒட்டியவனும் நம்புவதில்லை. படித்துவிட்டு, எழுத்து நன்றாக விழுந்திருக்கிறதே என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அத்தனை பெரிய ஊரில் ஒரே ஒரு மனிதர்தான் அந்தப் போஸ்டரை வரிக்கு வரி நம்பினார். எங்கள் பகுதி வரி ஆபீஸின் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை.

நோட்டீஸில் என் வீட்டின் மாத வாடகை மதிப்பு முன்னூறு ரூபாய் என்று போட்டிருந்தது. வீட்டில் நாங்களேதான் இருக்கிறோம், வாடகை எங்கே வந்தது என்று ராதாமணி கேட்டாள். நானும் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். நாம் என்ன செலவழித்துக் கட்டினோம் என்பதற்கு வரி இல்லை. அந்த வீட்டை இன்னொருவனுக்கு விட்டால் என்ன வாடகை வரும் என்று ஆபீஸ்காரர்கள் மனதில் ஒரு தொகை தோன்றும். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, ரிப்பேர் செலவுக்கென்று கொஞ்சம் கழித்து, மிச்சத்துக்கு அரையாண்டுக்கு ஒருமுறை வரி போடுவார்கள். ஆக, அவர்கள் மனதில் என்ன தோன்றுகிறதோ அதுதான் நம் தலையெழுத்து. எங்கள் தெருவில் இதே அளவு வீட்டுக்கு எழுபது, எண்பது ரூபாய்தான் வாடகை.

"இம்புட்டு வரி கட்டணும்னா நம்மளால முடியுமா?" என்றாள் ராதாமணி. முடியாது. கடன் பிடித்தம் போக வருகிற சம்பளத்தில் அரிசியும் பருப்புமே இழுத்துப் பிடித்துத்தான் வாங்கினோம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி வளவுக்கே போகவேண்டியதுதான். அவள் முன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வரி ஆபீஸுக்குப் போனேன். வெள்ளைத்துரை நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். நான் பேசிய முழு நேரமும் ஃபைலிலிருந்து தலையை எடுக்கவே இல்லை, அப்படி ஒரு கடமை உணர்ச்சி.

"சார், என் வீட்டுக்கு மாடி கிடையாது. யார் வந்து பாத்தாங்க?"

"பாக்குறதுக்கு என்ன இருக்கு?" ஃபைலைப் புரட்டி, நாலாக மடித்த பச்சைத் தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். ஒரு மூலையில் பசை காய்ந்திருந்தது. சுவரிலிருந்து பக்குவமாக உரித்திருக்கிறார்கள். "ஆரப்பாளையத்துல டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது பாத்தேன். துளசிராம்ங்கிறது நீங்கதானே? இரண்டடுக்கு மாளிகைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட பிறகு நான் எதுக்கு வெயில்ல அலையணும்?"

"அது நான் அடிக்கலை சார். எதிர்வீட்டுப் பேயாண்டி பிரியத்துல அடிச்சது."

"சரி. அது தப்புன்னு நீங்க மறுப்பு போஸ்டர் ஏதும் அடிச்சீங்களா?"

"இல்ல சார்."

"மறுக்கலைன்னா ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். போஸ்டரும் ஒரு ரிக்கார்டுதானே. ஆட்சேபணை இருந்தா அப்பீல் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி வரியைக் கட்டிருங்க."

அநியாயமான வரியை முழுசாகக் கட்டிய பிறகுதான் அது அநியாயம் என்று சொல்கிற உரிமை நமக்கு வருமாம். ராதாமணியின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின, எனக்கு உரிமை வந்தது. மேல்முறையீட்டு மனுவை நானே எழுதினேன். "மேற்படி மேல்மாடியானது மனுதாரருக்குத் தெரிந்தவரையில் மேற்படி வீட்டில் இல்லை என்பதையும், மனுதாரர் தினமும் அங்கே துணி காயப்போட்டு வருகிறபடியால் அது இருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." கடை முதலாளி படித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவருக்கும் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். அவர்களே நேரில் வந்து வீட்டைப் பார்ப்பதாக ஒரு நாள் குறித்து அனுப்பினார்கள். எங்களுக்கு உயிர் வந்தது. கண் இருக்கிற யாரும் வந்து பார்த்தால் போதும், மாடி இல்லை என்பது தெரிந்துவிடும். வேறு ஒரு சாட்சியும் தேவையில்லை. நான் போகிற போக்கில் பேயாண்டியிடமும் அதைச் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மடத்தனங்களில் அதற்குத்தான் முதல் இடம்.

"மூணு பெரிய மனுசங்க நம்ம தெருவுக்கு வாராங்க. சும்மா ஒரு சொம்புத் தண்ணியைக் குடுத்து அனுப்பிருவீகளா?" என்று கேட்டான். "நீங்க பேசாம இருங்கண்ணே. என்னாலதான இம்புட்டு வம்பு. நான் பாத்துக்கிறேன்."

குழு வருகிற நாளன்று நான் காலையில் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பத்து மணிவாக்கில் திரும்பினேன். தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்கு மேலே ஒரு மாடி நின்றது.

நல்ல மாடி, அதைச் சொல்லியாக வேண்டும். பேயாண்டி தன் தொழிலில் கெட்டிக்காரன். மொட்டைமாடி முழுக்க மூங்கில் நட்டு, சுற்றிலும் துணிச் சுவர், அதில் வரிசையாக ஜன்னல் வரைந்த திரை. மேலே சிவப்பும் மஞ்சளுமாக விதானம். கீழே ஜமக்காளம், இரும்பு நாற்காலி, இரண்டு மேஜை ஃபேன். என் வீட்டிலிருந்தே ஒயர் இழுத்து ட்யூப் லைட் போட்டிருந்தான். ராதாமணி படிக்கட்டின் அடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கடைத்தெருவுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள கட்டிப்புட்டாரு" என்றாள்.

"பிரிடா!" என்று கத்தினேன்.

"வெயில்ல நிக்க வச்சா என்ன நினைப்பாக? வந்தவுகளை நிழல்ல உக்கார வைக்கிறது ஒரு தப்பாண்ணே?" என்றான் பேயாண்டி. அவன் கண்ணில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. அதற்குள் தெருவில் ஜீப் சத்தம் கேட்டது.

மூன்று பேருக்கும் மாலை விழுந்தது, துண்டு விழுந்தது. கீழ்வீட்டில் அவர்கள் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. நேராக மேலே அழைத்துப் போய்விட்டான். ஃபேன் காற்றில் உட்கார வைத்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, பிறகு இலை போட்டான். கிடா அவன் வீட்டில் வெந்தது; அவன் பெண்டாட்டி மாயக்காள் விடியற்காலையிலேயே எழுந்து மசாலா அரைத்தாளாம். நாங்கள் சைவம். மட்டன் அவனுடையதாக இருந்தாலும் மாடி எங்களுடையதாயிற்றே.

நான் தலைவரின் இலைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன். "ஐயா, இது பந்தலுங்க. நாளைக்குப் பிரிச்சிருவாங்க. இங்க மாடியே கிடையாதுங்க."

அவர் நல்லி எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லா அப்பீல்காரனும் இப்படித்தாம்ப்பா சொல்றான். போன வாரம் ஒருத்தன், கிணறே இல்லைன்னு கிணத்துக்குப் பக்கத்துல நின்னு சொன்னான்." பிறகு பேயாண்டியிடம் திரும்பினார். "நல்லாக் காத்தோட்டமா இருக்கே. சின்ன விசேஷம் வைக்கலாம்போல. வெளியாளுக்கு விட்டா என்ன கிடைக்கும்?"

நான் பேயாண்டியைக் கும்பிடாத குறையாகப் பார்த்தேன். அவனும் பார்த்தான். ஆனால் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிக்கு முன்னால் அண்ணன் வீட்டை மட்டமாகச் சொல்ல அவன் நாக்கு வளையாது. அவன் ஊரில் குடிசைக்குள் உட்கார்ந்து கூழ் குடித்தாலும், வந்தவன் கேட்டால் மூணு போகம் விளைகிறது என்றுதான் சொல்வார்கள்.

"எங்கண்ணன் வீடுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினான். "ஒரு நாளைக்கு நூத்தம்பதுக்குக் குறைஞ்சு ஒரு பய பேச முடியாது."

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. மேல்தளம் நேரில் பார்வையிடப்பட்டது. அது விசாலமாகவும் காற்றோட்டமாகவும் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடத்தக்கதாகவும் உள்ளது. இன்ஸ்பெக்டர் விதித்த மதிப்பு குறைவு என்றே குழு கருதினாலும், மனுதாரரின் நிலைமையை உத்தேசித்து அதைக் கூட்டாமல் விடுகிறது. இதற்கு நான் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று தோன்றியது.

அன்று ராதாமணி என்னையும் பேயாண்டியையும் சேர்த்துத் திட்டினாள். வழக்கமாக என்னைத் திட்டும்போது எங்கள் மொழியில்தான் திட்டுவாள், மரியாதை போகக்கூடாது என்று. அன்றைக்குத் தமிழிலேயே திட்டினாள். தெரு முழுக்கக் கேட்டது. பேயாண்டி வாசலில் தலையைக் குனிந்து நின்றான். கடைசியில் அவள் உள்ளே போய் என் பழைய சிலேட்டை எடுத்து, "வீடு வாடகைக்கு" என்று சாக்பீஸால் எழுதி வாசல் ஆணியில் மாட்டினாள்.

"முன்னூறு பெறும்னு சர்க்காரே சொல்லுதுல்ல? முன்னூறுக்கே விடுவோம். நாம வளவுக்குப் போயிருவோம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வந்தவர்கள் எல்லாம் முன்னூறு என்றதும் சிரித்தார்கள். சிலர் எங்களுக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார்கள். அடுத்த அரையாண்டு வரி நெருங்கிக்கொண்டிருந்தது. வளவில் ஒரு வீடு காலியாகிறது என்று ராதாமணியின் அக்கா பத்மாசினி சொல்லி அனுப்பினாள். அதே வளவு, அதே குழாய். வருகிற முதல் தேதிக்கு வருகிறோம் என்று ராதாமணியே பதில் சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சிலேட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. "வீடு பாக்கலாமா?" என்று கேட்டார். கதவைத் திறந்ததும் ஆளை அடையாளம் தெரிந்தது. வெள்ளைத்துரை.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரியவும் நியாயமில்லை, அன்று ஆபீஸில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டையும் தெரியவில்லை. அவருக்கு என் வீட்டின் கதவு எண்தான் பழக்கம், கதவு பழக்கமில்லை. அந்த எண்ணையும் போன மழை கழுவிக்கொண்டு போயிருந்தது.

"இருக்கிற வீட்டுல வாடகையைத் திடீர்னு ஏத்திட்டான் சார்" என்று அவராகவே சொன்னார். "ஏன்யான்னு கேட்டா, வரியைக் கூட்டிட்டாங்கங்கிறான். என்ன அநியாயம் பாருங்க."

"ரொம்ப அநியாயம்" என்றேன்.

ராதாமணி சமையல்கட்டிலிருந்து வந்தாள். நான் எங்கள் மொழியில், சாதாரணமாக ஏதோ சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "இந்த ஆள்தான் அந்த இன்ஸ்பெக்டர்" என்றேன். அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு எங்கள் மொழியிலேயே, "நீங்க வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்" என்றாள். வளவில் இருபது வருஷம் உபயோகப்படாமல் கிடந்த வசதி அன்றைக்குத்தான் பயன்பட்டது.

"வாங்க சார், நல்லாப் பாருங்க" என்று தமிழில் அவள் அழைத்த மாதிரி அழைப்பை நான் கேட்டதில்லை. முன் அறை, பின் அறை, சமையல்கட்டு எல்லாம் காட்டினாள். படியேறி மொட்டைமாடியும் காட்டினாள். வெள்ளைத்துரை சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். வீட்டு மதிப்பு பார்ப்பதில் இவ்வளவு சிரத்தை உள்ள மனிதர் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"என்ன வாடகை சொல்றீங்க?"

"முன்னூறு சார்."

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த பேயாண்டி எழுந்து உட்கார்ந்தான்.

"ஏம்மா, மனசாட்சியோட பேசுங்க. இதுக்கா முன்னூறு?"

"ஏன் சார், வீட்டுக்கு என்ன குறைச்சல்?" ராதாமணி கையைக் கட்டிக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளையைப் போலக் கேட்டாள். "சத்தமாச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவர் சத்தமாகவே சொன்னார். ரெண்டே ரெண்டு ரூம்; புறாக்கூண்டு மாதிரி. பின்சுவரில் விரிசல். வாசலில் சாக்கடை, ராத்திரி கொசு பிய்த்துவிடும். பஸ் ஏற ஆரப்பாளையம் வரை நடக்க வேண்டும். "மேல ஒரு மாடியாவது இருக்கான்னா அதுவும் இல்ல, மொட்டையாக் கிடக்கு. நான் இந்தத் தொழில்லயே இருக்கிறவன்மா. வீட்டைப் பாத்தா விலை சொல்லிருவேன். எழுபது ரூவா. அதுக்கு மேல ஒரு பைசா பெறாது."

தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பேயாண்டி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான், முகம் சிவந்திருந்தது. "யாருய்யா நீ, எங்கண்ணன் வீட்டை..."

"பேயாண்டி, சும்மா இருங்க" என்றாள் ராதாமணி. "சார் பேரு என்ன சார்?"

"வெள்ளைத்துரை. ரெவின்யூ இன்ஸ்பெக்டர்." மரியாதை கிடைக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

"ரொம்ப நல்லது சார். இவர்தான் துளசிராம். அந்த இரண்டடுக்கு மாளிகை இதுதான்."

அவர் ஒருமுறை நிமிர்ந்து மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், முதல்முறையாக. சைக்கிளை எடுத்தார். ஏறி உட்காரக்கூட இல்லை, தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார்.

நான் சந்தோஷத்தில் குதித்தேன். "ஆனா இதை எப்படி நிரூபிக்கிறது? ஆபீஸ்ல போய் இல்லைன்னுருவாரே."

"அவர்தானே உங்ககிட்ட வழி சொன்னாரு" என்றாள் ராதாமணி. "மறுப்பு போஸ்டர் அடிச்சீங்களான்னு."

பேயாண்டி சம்மதிக்கவே இல்லை. "எங்கண்ணன் வீடு எழுபது ரூவாதான் பெறும்னு எங்கையால ஒட்டுறதா? என்னையக் கொன்னு போட்டாலும் மாட்டேன் மதினி" என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ராதாமணி பொறுமையாக அவனை உட்கார வைத்துச் சொன்னாள். "நீங்க சொன்னதா ஒட்ட வேண்டாம். அவர் சொன்னதா ஒட்டுங்க. இல்லாட்டி நான் ஒண்ணாந்தேதி வளவுக்குப் போகணும். உங்க மதினி அங்க போயிக் குழாயடியில நிக்கவா?" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மறுநாளே அச்சாபீஸுக்குப் போனான்.

"மதுரை மாநகரே திரும்பிப் பார்! துளசிராம் இல்லத்துக்கு நேரில் வருகை தந்து, மாடி இல்லை என்பதையும், மாத வாடகை எழுபது ரூபாய்க்கு மேல் ஒரு பைசா பெறாது என்பதையும் தெருவறிய எடுத்துரைத்த நேர்மையின் சிகரம், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை அவர்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!"

இந்த முறை ஆரப்பாளையம், விளாங்குடியோடு நிற்கவில்லை. வரி ஆபீஸ் சுவரில் மட்டும் நாலு. ஒன்றை மடித்து மறுபரிசீலனை மனுவோடு வைத்தேன். பெரிய அதிகாரி என்னையும் வெள்ளைத்துரையையும் கூப்பிட்டார். பச்சைப் போஸ்டரும் புதுப் போஸ்டரும் அவர் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. "போஸ்டரில் இருப்பது உண்மையா?" என்று வெள்ளைத்துரையைக் கேட்டார். வெள்ளைத்துரை இரண்டு போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். போஸ்டரை நம்பக்கூடாது என்றால் பழையதும் போய்விடும். நம்பலாம் என்றால் புதியது நிற்கும். இரண்டில் எதைச் சொன்னாலும் மாடி இடிந்து விழுவது உறுதி. அவர் "உண்மைதான் சார்" என்றார். தன்னை நேர்மையின் சிகரம் என்று எழுதியிருக்கும்போது மறுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

முதல் தேதிக்கு முன்பே வரி குறைந்தது. மாதம் எழுபது ரூபாய் வாடகை மதிப்பு என்று உத்தரவு வந்தது. ஆனால் குழு கண்ணால் பார்த்த மாடி என்ன ஆயிற்று என்பதற்கு ஃபைலில் ஒரு காரணம் வேண்டுமல்லவா? அதையும் எழுதியிருந்தார்கள். "குழு பார்வையிட்ட பின்னர் மேல்தளம் உரிமையாளரால் அகற்றப்பட்டதாகத் தெரியவருகிறது. அனுமதி பெறாமல் இடித்தது விதிமீறல் என்றாலும், இந்த ஒருமுறை மட்டும் மன்னிக்கப்படுகிறது." பேயாண்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பந்தலைப் பிரிக்க பெர்மிஷன் வாங்கணுமாண்ணே?" என்று கவலையோடு கேட்டான்.

வளவுக்கு வரவில்லை என்று பத்மாசினிக்குச் சொல்லி அனுப்பினோம். சிலேட்டை நானே கழற்றினேன். ஆனால் ராதாமணி அந்த வாரம் முழுவதும் சந்தைக்குப் போகவில்லை. போனால் ஒவ்வொரு சுவரிலும் தன் வீடு எழுபது ரூபாய்க்கு மேல் பெறாது என்று படிக்க வேண்டும். காய்கறிக்காரி சோலையம்மாள் வாசலிலேயே வந்து, "என்னம்மா, ஓங்க வீட்டை இப்பிடிக் கேவலமா எழுதிப்புட்டாக" என்று அங்கலாய்த்தபோது, ராதாமணி கத்தரிக்காயைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு உள்ளே போய் அழுதாள். வரி குறைந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது எனக்கே அசிங்கமாக இருந்தது. அந்த வீட்டைக் கட்டும்போது செங்கல் தூக்கியவள் அவள்.

மறுநாள் கடையிலிருந்து வந்தபோது முன் அறைக் கதவு திறந்திருந்தது. எதுவும் வரக்கூடாது என்று அவள் காப்பாற்றி வைத்திருந்த அறையில், எதிர்ச்சுவரில், பச்சைத் தாளும் சிவப்பு எழுத்துமாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. இரண்டடுக்கு எழில் மாளிகை. நிலவும் வந்து தங்க ஆசைப்படும் மேல்மாடி. பேயாண்டி வீட்டில் மிச்சம் இருந்த ஒன்றைக் கேட்டு வாங்கி, அவளே பசை காய்ச்சி ஒட்டியிருக்கிறாள். அதற்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே? வரி ஆபீஸ்காரங்க வந்து பாத்தா மறுபடி முன்னூறு போட்டுருவாங்க" என்று பதறினேன்.

அவள் போஸ்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அவங்க என்னைக்கு வீட்டைப் பாத்து வரி போட்டாங்க? இது வீட்டுக்குள்ளதானே இருக்கு, பயப்படாதீங்க."